கதவு எண் ஒன்று

வடக்கு மாட வீதியில் வெயில் படாத பக்கமாகத் தள்ளுவண்டியை நிறுத்தி, இஸ்திரிப் பெட்டியில் கரியைக் கிளறிவிட்டாள் பாஞ்சாலி. முதல் துணி வக்கீல் சங்கரனின் கறுப்புக் கவுன். ஈரத்துணியை மேலே விரித்து அழுத்தியபோது ஆவி முகத்தில் அடித்தது.

தொண்ணூற்றாறில் கவுன்சிலர் தேர்தல் அறிவித்திருந்தார்கள். கால்வாய்க் கரைக் குடிசைகளுக்கு ஒரு கழிப்பறை கேட்டு மூன்று வருஷமாக மனு எழுதி அலுத்துப்போன கரைக்காரர்கள், இந்த முறை பாஞ்சாலியையே நிறுத்துவது என்று முடிவு செய்திருந்தார்கள். அவள் ஐந்தாவது வரை படித்தவள். யாரிடமும் குரலைத் தாழ்த்திப் பேசத் தெரியாதவள். வேட்புமனுவை நிரப்பித் தருவதாக ஈவ்லின் சொல்லியிருந்தாள்.

ஈவ்லின் சங்கரனிடம் ஜூனியர். சாந்தோமில் ஆசிரியர் வீட்டுப் பெண். ஆறு மாதம் முன்புவரை கிண்டியில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தாள். சட்டப் படிப்பு முடிந்ததும் அந்த வேலையை விட்டுவிட்டாள். அன்று பதினொரு மணிக்கு, ஓரங்களில் துளையிட்ட நீளத்தாள் ஒன்றைச் சுருட்டிப் பிடித்தபடி வண்டிக்கு வந்தாள்.

"பாஞ்சாலி, வோட்டர் லிஸ்ட்ல உங்க பேர் இல்ல. அதுல பேர் இல்லாம எலெக்‌ஷன்ல நிக்க முடியாது."

"இன்னாம்மா சொல்ற? போன எலீக்சனுக்குப் போட்டேனே."

"அது பழைய லிஸ்ட். இப்ப கம்ப்யூட்டர்ல புதுசா போட்டிருக்காங்க. உங்க கரையில மட்டும் எண்பத்திரண்டு பேரைக் காணோம்."

"எவன் பண்ண வேலை இது?"

ஈவ்லின் தாளை வண்டியின் ஓரத்தில் வைத்தாள். "நான்தான்."

கம்பெனியில் அவள் கடைசியாக எழுதிய புரோகிராம் அது. வாக்காளர் பட்டியலில் இரட்டைப் பதிவுகளை நீக்க வேண்டும், இரண்டு வாரத்தில் முடிக்க வேண்டும் என்றார்கள். கதவு எண், பெயர், வயது மூன்றும் ஒன்றாக இருந்தால் ஒருவரை வைத்துக்கொண்டு மற்றவரை நீக்கும்படி எழுதினாள். கணவன், தகப்பன் பெயர்கள் ஆளுக்கொரு எழுத்தில் இருந்ததால், ஒப்பிட நேரம் பிடிக்கும் என்று அவற்றை விட்டுவிட்டாள். கரையில் இருந்த முந்நூறு குடிசைகளுக்கும் கதவு எண் ஒன்றுதான். கணக்கெடுக்க வந்தவர் ஆளைப் பார்த்து முப்பது, முப்பத்தைந்து, நாற்பது என்று வயது போட்டுக்கொண்டு போயிருந்தார். முப்பத்தைந்து வயதில் மூன்று பாஞ்சாலிகள் இருந்தார்கள். புரோகிராம் மிச்சம் வைத்த ஒருத்தி இவள் இல்லை.

பாஞ்சாலி பெட்டியைத் தூக்கி ஓட்டுத் துண்டின்மேல் வைத்தாள்.

"நானும் துணியத் தீச்சிருக்கேம்மா. தீச்சா, துணிக்காரங்க வூட்டுக்கு நானே போய்ச் சொல்லிடுவேன். நீயும் வந்து சொல்லிட்ட. சரி, இப்ப இன்னா பண்ணலாம், அத்தச் சொல்லு."

வேட்புமனு வாங்கும் கடைசி நாள் திங்கட்கிழமை. நடுவில் மூன்று நாள் இருந்தது. ஈவ்லின் குடிசை குடிசையாகப் போய், பழைய பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொருவரிடமும் கணவன் பெயர், தகப்பன் பெயர் கேட்டு எழுதினாள். தன்னிடம் இருந்த நகலில் புரோகிராமைத் திருத்தி ஓட்டியதில் எண்பத்திரண்டு பேரும் பட்டியலில் வந்தார்கள். பிறகு ஒரு பிரமாண வாக்குமூலம் டைப் செய்து சங்கரனிடம் நீட்டினாள்.

அவர் இரண்டாவது பக்கத்தில் நின்றார். "புரோகிராம் எழுதினது நான்தான்னு எதுக்கு எழுதிண்டு வந்திருக்கே? கம்பெனிக்காரா உன்மேல கேஸ் போடுவா. தப்பு நடந்திருக்குன்னு மட்டும் சொல்லு, போறும்."

"எப்படி நடந்ததுன்னு சொல்லலைன்னா, இவங்க எல்லாரையும் கள்ள வோட்டுன்னு சொல்லிடுவாங்க சார்."

சங்கரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு பேனாவை எடுத்துச் சான்றொப்பம் போட்டார்.

திங்கட்கிழமை எண்பத்திரண்டு பேரும் நேரில் வர வேண்டும் என்றது தேர்தல் அலுவலகம். அடையாறு வீடுகளில் பாத்திரம் தேய்ப்பவர்கள், கோடம்பாக்கத்தில் சினிமா செட்டுக்குப் பலகை அடிப்பவர்கள் எல்லாரும் வேலைக்குப் போகாமல் வராந்தாவில் குந்தியிருந்தார்கள். அதிகாரி வாக்குமூலத்தை இரண்டு முறை படித்தார். ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரித்தார். நாலு மணிக்கு எண்பத்திரண்டு பேரையும் சேர்க்கும் உத்தரவில் கையெழுத்துப் போட்டார். அதே மேஜையில் பாஞ்சாலி தன் வேட்புமனுவைக் கொடுத்தாள்.

மறுநாள் பரிசீலனை. அதிகாரி அச்சடித்த பட்டியலைப் புரட்டினார். "பேர் இல்லையே."

ஈவ்லின் உத்தரவின் நகலை நீட்டினாள்.

"சேர்த்தாச்சு மேடம், நான் இல்லைன்னு சொல்லல. துணைப் பட்டியல் இன்னும் அச்சாகி வரல. என் கையில இருக்கிற லிஸ்ட்டை வச்சுத்தான் நான் பாக்க முடியும்."

"இதுல இருக்கிறது உங்க கையெழுத்து சார்."

"ஆமா. அது சேர்க்கைக்கு. இது பரிசீலனைக்கு."

"அப்போ நான் கீறேனா, இல்லியா?" என்றாள் பாஞ்சாலி. "அத்த மட்டும் சொல்லு சார்."

அவர் மனுவின் மூலையில் 'நிராகரிக்கப்பட்டது' என்று எழுதித் தேதி போட்டார்.

"எலெக்ஷன் நடுவுல கோர்ட் தலையிடாது," என்றார் சங்கரன். "ரிசல்ட் வந்தப்புறம் கேஸ் போடலாம். தீர்ப்பு வரதுக்குள்ள அடுத்த எலெக்ஷனே வந்துடும்."

துணைப் பட்டியல் வியாழக்கிழமை வந்தது. ஒரு பிழை இல்லை. அடுத்த வாரம், தொழில் ரகசியத்தை வெளியிட்டதாகக் கம்பெனியிலிருந்து ஈவ்லினுக்கு நோட்டீஸ் வந்தது. ஒரு பக்கம் அதற்குப் பதில் எழுதிக்கொண்டே, இன்னொரு பக்கம் மற்ற வார்டுகளின் கரையோரப் பட்டியல்களைக் கேட்டு மனு போட்டாள். பதில் வரவில்லை.

வாக்குப்பதிவு அன்று கரைக்காரர்கள் ஏழு மணிக்கே பள்ளிக்கூட வாசலில் வரிசையில் நின்றார்கள். பாஞ்சாலியின் பெயரை அலுவலர் உடனே கண்டுபிடித்து, உரக்க வாசித்தார். மேயருக்கு ஒன்று, கவுன்சிலருக்கு ஒன்று என்று இரண்டு சீட்டுகள் கொடுத்தார்.

அட்டை மறைப்புக்குப் பின்னால் கவுன்சிலர் சீட்டைப் பிரித்து, எழுத்துக் கூட்டி வாசித்தாள். பெயர்கள் அகர வரிசையில் இருந்தன. உமர் ஃபாரூக். நெடுஞ்செழியன். வால்டர். நெடுஞ்செழியனுக்கும் வால்டருக்கும் நடுவில், 'பா' வரவேண்டிய இடத்தில், ஒரு கறுப்புக் கோடு. மை காயாத விரலை அந்தக் கோட்டின்மேல் வைத்தாள்.

"சீக்கிரம்மா," என்றார் அலுவலர். "பின்னாடி நிக்கிறாங்க பாரு."