அஞ்சு எண்ணும்வரை

வாசலில் மூன்று படிகள். நடக்க முடியாதவர்களுக்காக நடத்தும் இல்லத்துக்கு மூன்று படிகள்! அதைப் பார்த்ததுமே எனக்குச் சுர்ரென்று ஏறியது. அங்கேயே வண்டியைத் திருப்பச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இல்லத்து ஆள் ஒருவர் ஓடிவந்து, ஒரு வார்த்தை கேட்காமல் என் தம்பியைக் காரிலிருந்து அள்ளிச் சக்கர நாற்காலியில் போட்டார். பிறகு இரண்டு பேராக நாற்காலியோடு படியேற்றினார்கள்.

தம்பிக்கு முப்பத்தாறு வயது. அச்சகத்தில் பிழை திருத்துகிறான். அங்கே எல்லோருக்கும் அவன் ‘வாத்தியார்’. பிறக்கும்போது மூச்சுத் திணறியதில் கையும் காலும் நாக்கும் அவன் சொன்னதும் கேட்காது. பேசுவான், நன்றாகவே பேசுவான். ஆனால் ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் மூச்சைத் திரட்ட நேரம் வேண்டும். அதனால் எங்கள் வீட்டில் அம்மா வைத்த சட்டம் ஒன்று உண்டு. அவன் பேசினால் மனதுக்குள் அஞ்சு எண்ண வேண்டும். அஞ்சு வரைக்கும் அடுத்த சொல் வராவிட்டால்தான் பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

காரணம் இருக்கிறது. தமிழில் ‘இல்லை’ கடைசியில்தான் வரும். அவன் “எனக்குப் பசி” என்றதும் தட்டை எடுக்க ஓடினால், பின்னால் வரும் “இல்ல” யார் காதிலும் விழாது. சின்ன வயதில் பசியில்லாமலே எத்தனையோ முறை சாப்பிட்டிருக்கிறான் பாவம். அச்சகத்தில் எல்லோரும் எண்ணப் பழகிவிட்டார்கள். முதலாளி விரல் விட்டே எண்ணுவார். எண்ணாத ஒரே ஆள் எங்கள் அண்ணன்தான். அவர் வெளியூரில் இருந்துகொண்டு வருஷத்துக்கு இரண்டு முறை வருவார், தம்பியின் கன்னத்தைத் தட்டுவார், “நல்லா இருக்கியாடா” என்பார், பதில் வருவதற்குள் செல்போனை எடுத்துவிடுவார்.

அம்மா போன பிறகு தம்பியைக் குளியலறைக்கும் படுக்கைக்கும் தூக்குவது நான்தான். காலையில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் நாற்பது பேருக்கு ஊசி குத்திவிட்டு வருகிறவள். போன மாதம் முதுகு பிடித்துக்கொண்டது. இனி தூக்கவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். போனில் அண்ணனிடம் சொன்னேன். நீ ஒரு மாதம் வந்து இரு என்று கேட்கத்தான் சொன்னேன். அவர் வந்தார், கையில் இந்த இல்லத்தின் விண்ணப்பத்தோடு.

“உன் நல்லதுக்குத்தாம்மா. எத்தனை நாள்தான் நீ ஒத்தையா கஷ்டப்படுவே?”

முப்பத்தாறு வருஷம் கழித்து என் கஷ்டம் அவர் கண்ணுக்குத் தெரிந்தது. தம்பியை இல்லத்தில் விட்டால் அவன் வேலை என்னாகும் என்று கேட்டேன். “வேலையா? அவனுக்கு அது ஒரு பொழுதுபோக்கு” என்றார். ஆனாலும் அண்ணனோடு கிளம்பினேன். ‘பார்த்துட்டு வரலாம், அவனே சொல்லட்டும்’ என்று எனக்கு நானே பூசி மெழுகிக்கொண்டேன்.

இல்லத்து மேலாளர் வழுக்கைத் தலையும் தேன் குரலுமாக இருந்தார். நாற்காலிக்கு மேலே, தம்பியின் தலையைத் தாண்டி என்னிடம் கேட்டார். “பையனுக்குச் சாப்பாடு ஊட்டணுமா? பையன் ராத்திரி தொந்தரவு பண்ணுவானா?”

“அவர்கிட்டயே கேளுங்க. காது கேக்கும். பையன் இல்ல, முப்பத்தாறு வயசு.”

“சரி சரி, கோவிச்சுக்காதீங்க” என்று சிரித்துக்கொண்டே ஒரு தாளை மேசையில் வைத்தார். அதன் தலைப்பைப் பார்த்ததும் தம்பியின் புருவம் நெரிந்தது. நானும் பார்த்தேன். ‘பராமறிப்புக்கான சம்மதம்’ என்று இருந்தது. பராமரிப்பையே தப்பாக அச்சடித்து வைத்திருந்தார்கள்.

“விதிமுறைப்படி கேக்கணும்” என்று மேலாளர் குனிந்தார். குழந்தையிடம் பேசுகிற குரலில், “தம்பி, இங்க தங்குறதுக்கு உனக்குச் சம்மதமா?”

தம்பி மூச்சைத் திரட்டினான்.

“எனக்கு…” என்றான். பிறகு, “சம்மதம்…”

நான் உதடு மட்டும் அசைய எண்ணத் தொடங்கினேன். ஒன்று. இரண்டு. மூன்று.

அங்கே நிறுத்திவிட்டேன். அதை மறைக்கப்போவதில்லை. மூன்றில் நிறுத்திவிட்டு, அப்பாடா என்று நினைத்தேன். நாளைக்குக் காலையில் முதுகு வலிக்காது, நிம்மதியாக எழுந்து ஒரு காபி குடிக்கலாம் என்றுகூட நினைத்துவிட்டேன்.

“பாத்தியா, சம்மதம்னு சொல்லிட்டான்!” அண்ணன் அவன் தோளில் ஓங்கித் தட்டினார். திடீரென்று தொட்டால் தம்பியின் உடம்பு முழுக்க விறைத்துக்கொள்ளும், குரல் அடைத்துவிடும். வீட்டில் எல்லோருக்கும் தெரியும், அண்ணனைத் தவிர. மேலாளர் அதற்குள் மைப்பெட்டியைத் திறந்து அவன் கட்டைவிரலைப் பிடித்து இழுத்தார். ஊர் முழுக்க எழுதுகிற தப்பைத் திருத்துகிறவனிடம் கைநாட்டு!

டக், டக் என்று சத்தம் கேட்டது. தம்பியின் இடது கால் நாற்காலியின் மிதிப்பலகையை அடித்துக்கொண்டிருந்தது. வாய் அடைத்தால் அவன் கால்தான் பேசும். அவன் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

மேசைமேல் இருந்த தாளை வெடுக்கென்று பிடுங்கினேன்.

“விரலை விடுங்க! விடுங்கன்னு சொல்றேன்ல!”

“என்னம்மா இது, அவனே சொல்லிட்டான்ல?” என்றார் அண்ணன்.

“பாதிதான் சொல்லியிருக்கான். மீதியைக் கேக்க உனக்கு என்னைக்கு நேரம் இருந்துச்சு? எண்ணு. ரெண்டு பேரும் சத்தமா எண்ணுங்க.”

என் முகத்தைப் பார்த்துப் பயந்தோ என்னவோ, எண்ணினார்கள். அஞ்சு போதவில்லை. விறைத்த உடம்பு இளகவே பன்னிரண்டு ஆனது.

“இல்ல” என்றான் தம்பி.

மேலாளர் மைப்பெட்டியை மூடினார். தம்பி இன்னும் முடிக்கவில்லை. “அக்கா தூக்க வேணாம்” என்றான். எண்ணினோம். “அண்ணன்…” எண்ணினோம். “தூக்கட்டும்.”

அண்ணன் நகைச்சுவை கேட்டவரைப் போலச் சிரித்தார். கூடச் சிரிக்க யாரும் இல்லை. கிளம்பும்முன் தம்பி என் கையிலிருந்த தாளைக் கேட்டான். பேனாவை அவன் விரல்களுக்கு நடுவில் செருகினேன். நடுங்கி நடுங்கி ‘றி’யை அடித்துவிட்டு மேலே ‘ரி’ என்று எழுதி, மேலாளரின் பக்கம் தள்ளினான்.

நாற்காலியைப் படியில் இறக்கிவிட்டு, இல்லத்து ஆள் அவனைக் காரில் ஏற்றக் கையை நீட்டினார். நான் தடுத்தேன். அண்ணனைப் பார்த்தேன். என் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

“ஒரு கை முழங்காலுக்கு அடியில, ஒரு கை முதுகுக்கு. கேட்டுட்டுத் தூக்கு.”

அண்ணன் குனிந்தார். கண்ணாடி மூக்கில் சரிந்தது. “தூக்கட்டுமாடா?”

“தூக்கலாம்” என்றான் தம்பி. அண்ணன் உடனே கையை நுழைத்தார்.

“எண்ணு!” என்றேன்.

நடு முற்றத்தில் நின்றுகொண்டு, கோட்டுப் போட்ட அண்ணன் முணுமுணுத்தார். “ஒண்ணு… ரெண்டு… மூணு… நாலு…”

“பிரேக்கைப் போட்டுட்டு” என்றான் தம்பி.

பிரேக் போட்டுவிட்டுத் தூக்கினார். இரண்டடிக்குள் மூச்சு வாங்கியது. எப்படியோ காரின் பின் இருக்கையில் உட்கார வைத்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டார். “இவ்ளோ கனமா இருப்பான்னு எனக்குத் தெரியாதே” என்றார்.

“உனக்கு எப்படித் தெரியும்?” என்றேன்.

நான் தம்பிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டுவிட்டேன். கார் கிளம்பியது. தெருமுனை தாண்டியதும் அவன் என் பக்கம் திரும்பினான்.

“அக்கா” என்றான். அஞ்சு எண்ணினேன், ஒன்றைக்கூட விடாமல்.

“நீ மூணுதான்…” என்றான்.

மறுபடியும் எண்ணினேன். அடுத்த சொல் என்னவென்று எனக்குத் தெரியும். தெரிந்தும் காத்திருந்தேன்.

“எண்ணின” என்றான்.

“ஆமாண்டா” என்றேன்.