இரண்டும் ஒரே பக்கம்

என் வீட்டுக்காரர் போய் நாலு மாதம் ஆகிறது. நான் அழவில்லை. இதைப் பெருமையாகவும் சொல்லவில்லை, குறையாகவும் சொல்லவில்லை. அழுகை வரவில்லை, அவ்வளவுதான். துக்கம் கேட்க வந்த நாத்தனார் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "கல்லு மாதிரி உக்காந்திருக்கா பாரு" என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். என் காதில் விழட்டும் என்றுதான் சொன்னாள். கோபமாவது வந்திருக்க வேண்டும். அதுவும் வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் வேறு யாருடைய கன்னத்தையோ தொடுவது போல இருக்குமே, எனக்கு எல்லாமே அப்படித்தான் இருந்தது.

நாங்கள் கார் சீட் தைக்கிறவர்கள். அவர் வெட்டுவார், நான் தைப்பேன். தெருவில் எங்களுக்கு ஊசி-கத்திரி என்றே பெயர். "கத்திரி இருக்காரா?" என்று கேட்டு வருவார்கள். "ஊசிதான் இருக்கு, குத்தவா?" என்பேன். இருபத்தாறு வருஷம் அப்படி ஓடியது. ஒரு நாள் காலையில் வெட்டு மேசைக்குப் பக்கத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை.

ஒரே மகள். வேறு ஊரில் வேலை. தினமும் போன் செய்வாள்.

"அம்மா, கடைய ஒருத்தர் கேக்கறாரு. குடுத்துட்டு எங்கூட வந்துடு. உனக்குத் தைக்கத்தான் தெரியும். வெட்ட யாரு இருக்கா?"

"நான் வெட்டறேன்."

"நீயா?"

"ஏன், எனக்குக் கை இல்லையா?"

"சரி, ஒரே ஒரு வண்டி. நீயே வெட்டி நீயே தச்சு முடி. குறையில்லாம வந்துச்சுன்னா நான் வாயத் தொறக்க மாட்டேன். இல்லேன்னா சாவியக் குடுத்துட்டுப் பேசாம கெளம்பி வரணும்" என்றாள். பிடிவாதத்தில் என் வயிற்றில் பிறந்தவள்தான்.

ஒத்துக்கொண்டேன். கடை இல்லாவிட்டால் நான் என்ன செய்வேன் என்று யோசித்துப் பார்த்தேன். அவள் வீட்டு ஜன்னலோரம் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. அந்த நாற்காலியின் மெத்தையும் வேறு யாரோ தைத்ததாக இருக்கும்.

அந்த வாரமே பல் டாக்டரின் வண்டி வந்தது. இரண்டே சீட் உள்ள பழைய ஸ்போர்ட்ஸ் கார். இடுப்பு உயரம்தான் இருக்கும். குனிந்து, மடங்கி, ஒரு காலை உள்ளே விட்டு, அப்புறம் உடம்பை மூட்டை போல இறக்க வேண்டும். இப்படிப்பட்ட வண்டிகளில் ஓட்டுகிறவர் சீட்டின் வெளி ஓரத்தில் எழும்பி நிற்கிற திண்டுதான் முதலில் சாகும். ஏறும்போது ஒரு தேய்ப்பு, இறங்கும்போது ஒரு தேய்ப்பு. இதிலும் அங்கே தோல் கிழிந்து மஞ்சள் ஃபோம் வெளியே பல்லிளித்துக்கொண்டிருந்தது. பக்கத்து சீட் வெயிலில் வெடித்திருந்ததே தவிரத் தேயவில்லை. டாக்டரின் மனைவிக்கு அதில் ஏறினால் இடுப்புப் பிடித்துக்கொள்ளுமாம்.

"இதுக்கு முன்னாடி உங்க வீட்டுக்காரர்தான் தச்சாரு. இருபத்திரண்டு வருஷம் நின்னுச்சு" என்றார் டாக்டர். உள்ளே எட்டிப் பார்த்தார். "அவரு..."

"இல்ல சார். தவறிட்டாரு. நான் பண்றேன்."

அவர் என் கையைப் பார்த்தார். பிறகு ஒரு தோல் சுருளை மேசைமேல் வைத்தார். "இந்தச் செவப்பு இப்ப யாரும் போடறதில்ல. எங்கெங்கயோ தேடி அளவா வாங்கிட்டு வந்திருக்கேன். ஒரு துண்டு கூட மிஞ்சாது. பாத்துக்குங்கம்மா." ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

சீட்டுகளைக் கழற்றி மேசைமேல் ஏற்றினேன். பழைய உறையைப் பிரிக்க ஆரம்பித்ததும் கை நின்றுவிட்டது. அது என் தையல் இல்லை. என் தையல் நெருக்கமாக இருக்கும். இது எட்டி எட்டி விழுந்திருந்தது. திருப்பங்களில் ஊசி ஒரு நிமிஷம் யோசித்துவிட்டுப் போனது போல இருந்தது. டாக்டர் சொன்னபடி அவரேதான் தைத்திருக்கிறார். இந்த வண்டியை நான் பார்த்த ஞாபகமும் இல்லை.

ஓட்டுகிறவர் சீட்டைப் புரட்டினேன். முதுகுப்பக்கம் உள்ள சதுரத் துண்டு தோல் இல்லை. ரெக்சின். அதே சிவப்பு, அதே மினுக்கு, கை வைத்துப் பார்த்தால்தான் தெரியும். பக்கத்து சீட்டின் முதுகில் நல்ல தோல் இருந்தது. இந்த வண்டியில் சீட்டுக்குப் பின்னால் தகரச் சுவர்தான், யாரும் பார்க்கப்போவதில்லை. பார்க்காத இடத்தில் மட்டமான சரக்கு. அப்படியானால் அந்தத் தோல் எங்கே போனது?

என் வீட்டுக்காரர் கை சுத்தம் என்று ஊரே சொல்லும். விளிம்பில் வைத்துத் தைக்கும் பைப்பிங் நாடா கால் முழம் மிஞ்சினால்கூடச் சுருட்டி வண்டிக்காரரிடமே கொடுத்துவிடுகிற மனிதர். நாலு மாதத்தில் முதல் தடவையாக எனக்குள் ஏதோ சுருக்கென்றது. கோபம்தான். கொசு கடித்த அளவுக்கு. ஏமாத்திட்டீங்களா என்று சுவரைப் பார்த்துக் கேட்டேன். பிறகு அதுவும் அடங்கிவிட்டது. அந்த ரெக்சின் துண்டை ஓரமாக எடுத்து வைத்தேன்.

சுவர் நெடுக ஆணிகளில் அட்டைக்கட்டுகள் தொங்கும். ஒவ்வொரு வண்டிக்கும் சீட்டின் ஒவ்வொரு துண்டுக்கும் அட்டையில் அளவு வெட்டி, கயிறு போட்டுக் கட்டி மாட்டியிருப்பார். எதையும் தூக்கிப் போட மாட்டார். தேடினேன், இந்த வண்டியின் கட்டும் இருந்தது. மேலே அவருடைய கோணல் கையெழுத்தில் "வெளித் திண்டு", "உள் திண்டு", "முதுகு" என்று எழுதியிருந்தது.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். இரண்டு சீட்டும் வலது கை, இடது கை மாதிரி. அட்டை ஒன்றுதான். ஒரு சீட்டுக்கு அதை அப்படியே வைத்துச் சாக்பீஸால் கோடு போட வேண்டும். மற்ற சீட்டுக்கு அட்டையைக் கவிழ்த்துப் போட்டுக் கோடு போட வேண்டும். துணி என்றால் இரண்டாக மடித்து ஒரே வெட்டாக வெட்டிவிடலாம். தோலை மடிக்க முடியாது, ஒவ்வொன்றாகத்தான் வெட்ட வேண்டும். தப்பாக வெட்டிவிட்டால் புரட்டிப் போடவும் முடியாது, பின்பக்கம் சொரசொரப்பு.

என் வீட்டுக்காரருக்கு இருபத்தாறு வருஷத்திலும் இது மண்டையில் ஏறவே இல்லை. அட்டையை எழுத்து மேலே தெரியும்படியே இரண்டு தடவையும் வைப்பார். நான் மிஷினில் தலையைக் குனிந்தபடியே, "திருப்புங்க" என்பேன். அவர் திருப்புவார். நான் எப்படிக் கண்டுபிடித்தேன் என்று கேட்காதீர்கள், சாக்பீஸ் சத்தத்திலேயே தெரிந்துவிடும்.

"கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு?"

"ஆனைக்கும் அடி சறுக்கும்."

"ஆனைக்கு எப்பவாவது சறுக்கும். உங்களுக்கு வாரா வாரம் சறுக்குது."

சிரிப்பார். அடுத்த வாரம் மறுபடியும் அதே. நாத்தனாரிடம், மகளிடம், தேடி வந்த வாடிக்கையாளரிடம், எல்லோரிடமும் இதைச் சொல்லிக் காட்டியிருக்கிறேன். சின்னக் குழந்தைக்குக்கூடச் செருப்பில் வலது இடது தெரியும், இவருக்குத் தெரியாது என்பேன்.

புதன்கிழமை காலை சிவப்புத் தோலை விரித்தேன். நல்ல தோல், வாசனையே தனி. எனக்கு வாசனை தெரிந்தது, வேறொன்றும் தோன்றவில்லை. அட்டைகளை வைத்தேன், கோடு போட்டேன், அவருடைய கத்தியால் வெட்டினேன். மத்தியானத்துக்குள் முதுகுத் துண்டுகள் இரண்டைத் தவிர எல்லாம் முடிந்தது. அவ்வளவுதானா இந்த வேலை, இதற்கா அத்தனை அலட்டல் அலட்டினார் என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை ஓட்டுகிறவர் சீட் உறை, முதுகு நீங்கலாக, தைத்து ஏறிவிட்டது. பக்கத்து சீட்டின் வெளித் திண்டை எடுத்து மிஷினில் வைத்தேன். வளைவு எதிர்ப்பக்கம் போனது. எடுத்துச் சுற்றி வைத்தேன். அப்போதும் போனது. தைத்து முடித்த சீட்டின்மேல் அதைக் கொண்டுபோய் வைத்துப் பார்த்தேன். அச்சு அசலாகப் பொருந்தியது.

இரண்டும் ஒரே பக்கம்.

மேசைக்குப் போய் அட்டையை எடுத்தேன். "வெளித் திண்டு" என்று எழுதியிருந்தது. புதன்கிழமை அந்த எழுத்து இரண்டு தடவையும் என்னைப் பார்த்தபடிதான் இருந்தது. இந்த ஒன்றை மட்டும் கவிழ்க்க எனக்குத் தோன்றவே இல்லை. அவர் எழுத்து கண்முன்னால் இருந்தது, அதைப் பார்த்துக்கொண்டே கோடு போட்டுவிட்டேன். அவர் வெட்டும்போது திருப்பச் சொல்ல நான் இருந்தேன். நான் வெட்டும்போது சொல்ல யாரும் இல்லை. இருபத்தாறு வருஷம் அவரைக் கேலி பண்ணிய வாய், தனக்கென்று வந்தபோது மூடிக்கொண்டது.

இப்போதாவது திருப்பிப் பார்ப்போம் என்று அட்டையைக் கவிழ்த்தேன். பின்பக்கம் ஒரு குழந்தையின் பாதி முகம் சிரித்தது. பால் பவுடர் வந்த பெட்டி.

எங்கள் மகள் குறைமாதத்தில் பிறந்தவள். என்னிடம் பால் போதவில்லை. இருபத்தைந்து நாள் நானும் அவளும் ஆஸ்பத்திரியில் இருந்தோம். பால் பவுடரைப் பெட்டி பெட்டியாக இவர்தான் கொண்டுவந்து கொடுப்பார். அப்போது ஒரு நாள், "ஒரு வண்டி வந்துச்சு, நானே தச்சுக் குடுத்துட்டேன்" என்றார். நானும், "அதுக்குள்ள தையல்காரர் ஆயிட்டீங்களா" என்று கேட்டுவிட்டு மறந்துபோனேன்.

அந்த வண்டி இதுதான். அன்றைக்கு அவருக்கும் திருப்பச் சொல்ல ஆள் இல்லை. இரண்டையும் ஒரே பக்கமாக வெட்டியிருக்கிறார். முதுகுக்கு வைத்திருந்த தோலில் சரியான திண்டை வெட்டிக்கொண்டு, முதுகுக்கு ரெக்சின் போட்டு மூடியிருக்கிறார். திருடவில்லை. சறுக்கியிருக்கிறார். என்னிடம் சொல்லாமல் மறைத்துவிட்டார்.

எனக்கும் வேறு வழி இல்லை. முதுகுத் தோலில் ஒன்றை எடுத்தேன். அட்டையைக் கவிழ்த்து வைத்து, "திருப்பு" என்று வாய்விட்டு எனக்கே சொல்லிக்கொண்டு வெட்டினேன். முதுகுக்கு ரெக்சின் தேடவேண்டிய அவசியம் இருக்கவில்லை. அவர் போட்ட துண்டு ஓரமாகக் கிடந்தது. துடைத்தேன். ஒரு வெடிப்பு இல்லை. பழைய ஊசித்துளைகளிலேயே ஊசியை இறக்கி, அவர் போட்ட அதே இடைவெளியில் தைத்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு எட்டி எட்டி நான் தைத்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை மகள் காலையிலேயே வந்துவிட்டாள். கடைச் சாவியை ஆணியிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தாள். எதற்கென்று இருவருக்கும் தெரியும். வண்டியில் மாட்டியிருந்த சீட்டுகளைக் குனிந்து குனிந்து பார்த்தாள், தடவிப் பார்த்தாள், குறை கண்டுபிடிக்க முடியவில்லை.

டாக்டர் வந்து உள்ளே இறங்கி உட்கார்ந்தார். "பிரமாதம்மா!" என்றார்.

நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் அதோடு முடிந்திருக்கும். சீட்டின் முதுகை யாரும் பார்க்கப்போவதில்லை. கடையும் என்னிடமே இருக்கும். ஆனால் தோல் டாக்டர் தேடி அளவாக வாங்கியது. சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை.

"சார், ஒரு திண்ட தப்பா வெட்டிட்டேன். ரெண்டும் ஒரே பக்கமா போச்சு. முதுகுத் தோல எடுத்துத்தான் சரி பண்ணினேன். ஒரு முதுகுல பழைய ரெக்சின்தான் இருக்கு. என் தப்பு."

மகள் என்னைப் பார்த்தாள். டாக்டர் சிரித்துவிட்டார்.

"அவரும் இதையேதான்மா சொன்னாரு."

"யாரு?"

"உங்க வீட்டுக்காரர். வண்டி எடுக்க வந்த அன்னிக்கே சொல்லிட்டாரு. 'சார், ரெண்டையும் ஒரே பக்கமா வெட்டித் தொலைச்சிட்டேன், பின்னாடி ரெக்சின் போட்டிருக்கேன். வீட்ல ஆஸ்பத்திரில இருக்கா, அவ இருந்திருந்தா இப்படி ஆகியிருக்காது'ன்னாரு. நான் பரவால்லன்னு சொல்லிட்டேன். வண்டில ஏறினதுக்கப்புறம் ஓடி வந்து ஜன்னலப் புடிச்சுக்கிட்டாரு. 'சார், அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவா'ன்னாரு." டாக்டர் ஸ்டீயரிங்கைத் தடவினார். "நானும் இத்தனை வருஷம் சொல்லல."

சொல்லிக் காட்டியிருப்பேன். சந்தேகமே வேண்டாம். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடியே ஆரம்பித்திருப்பேன், அவர் போகும் நாள் வரைக்கும் விட்டிருக்க மாட்டேன். இப்போது எனக்கு அது தெரியும், சொல்லிக் காட்டத்தான் ஆள் இல்லை.

முதலில் சிரிப்புத்தான் வந்தது. பிறகு வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். நாலு மாதம் வராதது மொத்தமாக வந்தது. சத்தம் போட்டு அழுதேன். தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். டாக்டரால் இறங்கவும் முடியவில்லை, நான் கதவை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மகள் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். "அம்மா, வண்டி நல்லாத்தானே வந்திருக்கு" என்றாள்.

"அட்டையத் திருப்பலடி" என்றேன். "அப்பா மாதிரியே நானும் திருப்பல."

அவள் என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். வெகு நேரம் கழித்து எழுந்துபோய், மேசைமேல் இருந்த சாவியை எடுத்து ஆணியில் மாட்டினாள்.