நடுக்குழி

மல்லசமுத்திரத்துக்கு மேற்கே ஒரு தரிசுக்காட்டில் நாலு மூலைக்கு நாலு, நடுவில் ஒன்று என ஐந்து போர் போடச் சொன்னது ஒரு கம்பெனி. ஒன்றுக்கொன்று ஐம்பதடிகூட இடைவெளி இல்லை. திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் இருபது வருஷமாகத் துளை போடும் தங்கமுத்துவுக்கு அப்போதே மனசு ஒப்பவில்லை. தண்ணீருக்காக யாரும் இவ்வளவு நெருக்கிப் போடமாட்டார்கள்.

நாலு மூலையும் முடிந்த அன்று லாரியில் ஆசிட் பீப்பாய்கள் வந்து இறங்கின.

"ஏனுங்க சார், போர்க்குழிக்கு ஆசிட் எதுக்குங்க?"

கம்பெனி இன்ஜினியர் நவநீதகிருஷ்ணன் முதலில் மழுப்பினார். பிறகு சொன்னார்.

"சுரங்கம் தோண்டுனா காடே போயிரும், ஊரெல்லாம் புழுதி. இதுல ஒரு கூடை மண்ணு வெளிய வராதுங்க. மூலைக்குழியில ஆசிட் தண்ணி இறங்கும், பாறைக்குள்ள இருக்கற உலோகத்தைக் கரைக்கும். நடுக்குழி வழியா உறிஞ்சிக்குவோம். செலவும் கம்மி."

"மிச்சம் உள்ளயே நின்னுட்டா?"

"விடறதவிட அதிகமா எடுப்போம். தண்ணி உள்பக்கமாத்தான் இழுக்கும். கசிஞ்சாத் தெரியறதுக்குச் சுத்தியும் சோதனைக்குழி இருக்குதுல்ல?"

காட்டைச் சுற்றி முன்பே மூன்று சோதனைக்குழிகளைப் போட்டவனும் தங்கமுத்துதான். மூன்றிலும் கட்டிப்பாறை, பொட்டு ஈரமில்லை. கசிவு எட்டிப்பார்க்காத இடமாகத் தேடிக் குறித்துக் கொடுத்தார்களோ என்று இப்போது அவனுக்கு உறுத்தியது.

மறுநாள் நடுக்குழி முந்நூறடி இறங்கியபோது பாறையைக் குடையும் பிட் சட்டென்று நழுவியது. பாறையில் வெடிப்பு. கொஞ்ச நேரத்தில், அக்கம்பக்கத்தில் விவசாயம் செய்யும் சௌந்திரம் ஓட்டமும் நடையுமாக வந்தாள்.

"ஏனுங்க, எங்க போர்ல தண்ணி கொப்புளிச்சு அடிக்குதுங்க. மோட்டாரே போடலீங்க."

அவள் போர் இரண்டு காடு தள்ளி இருந்தது. மரவள்ளிக்கும் மாட்டுக்கும் வீட்டுக்கும் அந்தத் தண்ணீர்தான். தங்கமுத்து அவளோடு போய் நின்றுகொண்டு, ரிக்கில் இருந்த மதியழகனுக்குப் போன் போட்டான். துளைக்குள் காற்றடிக்கும் கம்ப்ரசரை நிறுத்தச் சொன்னான். கொப்புளிப்பு அடங்கியது. ஓட்டச் சொன்னான். தண்ணீர் மறுபடி பொங்கி வழிந்தது. மூன்று தடவை பார்த்துவிட்டு இன்ஜினியரை வரவழைத்தான்.

"வேற காரணம் ஏதாச்சும் இருக்கும்," என்றார் அவர்.

"அப்ப நீங்களே போன்ல சொல்லுங்க சார். ஓட்டச் சொல்லுங்க, நிறுத்தச் சொல்லுங்க."

அவரும் சொல்லிப் பார்த்தார். தெறித்த தண்ணீரில் பேண்ட் முழங்கால்வரை நனைந்தது.

"காத்து வந்த வழியில ஆசிட்டும் வருமுங்களா சார்?" என்றான் தங்கமுத்து.

"வரலாம்," என்றார் மெதுவாக. "இதை வெளிய சொல்லாதீங்க. நான் ஆபீஸ்ல பேசறேன்."

"என்னை வெச்சுக்கிட்டே சொல்றீங்களேங்க," என்றாள் சௌந்திரம். "நாங்க குடிக்கற தண்ணிங்க அது."

நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால்தான் நடுக்குழி மேலிருந்து ரிக்கை எடுப்பேன், அதுவரை அங்கே வேறு வேலை நடக்காது என்றான் தங்கமுத்து. அவர் எழுதிக் கொடுத்தார். அந்தத் தாளோடு சௌந்திரம் தாலுகா ஆபீசுக்குப் போனாள்.

நாலாம் நாள் பீப்பாய்கள் திறக்கப்படாமலே லாரி ஏறின. குழிகளில் சிமெண்ட் ஊற்றி மூடினார்கள். யார் சொல்லி நிறுத்தினார்கள் என்பதைக் கடைசிவரை யாரும் சொல்லவில்லை.

அடுத்த மாசம் அதே கம்பெனிக் கார் மோகனூர் ரோட்டில், வேறொரு ரிக் வண்டிக்குப் பின்னால் போனதாக மதியழகன் சொன்னான். தங்கமுத்து மறுநாளே பைக்கை எடுத்துக்கொண்டு விசாரித்துப் போனான். ரிக் நின்ற இடத்துக்குப் போகவில்லை. பக்கத்துத் தோட்டத்தில் களை எடுத்துக்கொண்டிருந்தவரிடம் போய்க் கேட்டான்.

"ஏனுங்க, உங்க போர் எந்தப் பக்கமுங்க இருக்குது?"