எண்ணெய்த் தலைக்கு ஒட்டாத தொப்பி

1

"ஜெல், ஸ்ப்ரே ஒண்டும் தலையிலை இருக்கக்கூடாது எண்டு வாசிச்சுக் காட்டினனான்தானே?"

"எண்ணெய் எண்டு அதிலை எங்கை கிடந்தது? நல்ல காரியத்துக்குப் போற பிள்ளை காய்ஞ்ச தலையோடையோ—"

"கம்பி ஒட்டாதம்மா, தொப்பியிலை இருக்கிற—"

"என்னைக் கொஞ்சம் கதைக்க விடு."

இந்தக் கதை எனக்கு இப்படித்தான் வந்தது. ஜெர்மனியில், டோர்ட்மண்ட் டிராமில் முன்னிருக்கையிலிருந்து எண்ணெயைப் பற்றி ஒரு வரி காதில் விழுந்தது. மற்றதெல்லாம் நான் கட்டியது. (எனக்கு முதலில் வாய்தான் வரும், முகம் பிறகு ஆறுதலாக வந்து சேரும்.)

2

முறையான தொடக்கமும் எழுதிப் பார்த்தேன்: "மனித மூளை என்னும் பெருங்காட்டினுள்ளே ஓசையானது..." வேண்டாம். அடித்தாயிற்று.

சுபானி, ஆட்டிசம் உள்ளவர்களின் மூளை சத்தத்தை எப்படி வாங்கிக்கொள்கிறது என்று ஆராய்பவள். பக்கத்துக் குழு புது மருந்துக் குளிசை ஒன்றைச் சோதிக்கிறது. அவளுடைய தம்பி லவனுக்கும் ஆட்டிசம். வளர்ந்த பிள்ளை, பேச்சுக் குறைவு. அவன் சோதனையில் சேர வேண்டுமானால் இன்றே கம்பித் தொப்பி போட்டு மூளை அலையைப் பதிய வேண்டும். நாளைக்கு ஆள் எடுக்க மாட்டார்கள்.*

* தேங்காய் எண்ணெயை, 'ஜெல், ஸ்ப்ரே' என்று அறிவுறுத்தல் எழுதிய ஜெர்மன்காரர் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்கள்.

3

தாய் கமலநாயகியில் எனக்கு ஒரு சந்தேகம். மகனுக்காகக் கோயில் கோயிலாக நேர்த்தி வைத்தவள், மருந்து கிட்ட வந்ததும் பயந்து, வேண்டுமென்றே எண்ணெயை வைத்திருந்தால்? நல்ல முடிவு. ஆனால் எழுதுகிற என்னிடமே அவள் ஒத்துக்கொள்கிறாள் இல்லை.

"எனக்கு அவ்வளவு மூளை இல்லை தங்கச்சி. வழமையா வைக்கிறனான், வைச்சன்."

சரி, விட்டேன்.

இன்னொரு முடிவு: தலையைக் கழுவுகிறார்கள், தொப்பி ஒட்டுகிறது, எல்லாரும் கோப்பி குடிக்கிறார்கள். சப்பென்று இருக்கிறது.

4

ஆய்வுகூடத்தில் தலை கழுவும் தொட்டி இருந்தது. சுபானி இளஞ்சூட்டுத் தண்ணீரைத் திறந்தாள். கமலநாயகி துவாயோடு நின்றாள். லவன் குனியவில்லை. (இவ்வளவு நேரமும் அவனுக்கு நான் ஒரு வசனம்கூடக் கொடுக்கவில்லை. குறைவாகப் பேசுகிறவனை மறப்பது எழுதுகிறவளுக்கும் சுகம்.)

"குனி ராசா. குளிசை குடிச்சா நீயும் எல்லாரையும் போலக் கதைப்பாய்."

"அப்பிடி ஒருத்தரும் சொல்லேல்லை அம்மா. சத்தத்திலை அவனுக்கு வாற அந்தரம் பதட்டம் குறையுமோ எண்டுதான்—"

"அதைத்தானே நானும்—"

"நீங்கள் வேறை என்னவோ—"

லவன் கையை நீட்டிக் குழாயைப் பூட்டினான்.

அவன் குனிந்தானா, துவாயை வாங்கிக்கொண்டு வெளியே போனானா, நீங்களே முடித்துக்கொள்ளுங்கள். எனக்குக் கேட்டது இவ்வளவுதான்:

"அக்கா, குளிசை குடிச்சு நான் கதைச்சா, நீங்கள் ரெண்டு பேரும் உங்கடை கதையை நிப்பாட்டுவியளோ?"