ஓரா மீன் சொதியும் சிவப்பு வெளிச்சமும்

கதிர்ச்சிகிச்சை தொடங்கிய மூன்றாம் கிழமை கனிசியஸின் வாயெல்லாம் புண்ணாகிவிட்டது. நாக்கில் வந்த புற்றுநோயை வெட்டி எடுத்த பிறகு கொடுத்த சிகிச்சை அது. தண்ணீர்கூட நெருப்பாக எரிந்தது. குருநகர்க் கடலில் இத்தனை காலம் வலை இழுத்த மனிதர், கஞ்சிக் கோப்பையைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பல் வைத்தியர் வித்தியாதான் லேசர் பிடித்துப் பார்ப்போம் என்றார்.

"இது வெட்டுற லேசர் இல்லை ஐயா. சுடாது. புண் ஆற உதவி செய்யிற வெளிச்சம். இதைப் பற்றிக் கனக்க ஆராய்ச்சி நடந்திருக்கு."

கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி போட்டுவிட்டு, பேனை போன்ற கருவியை வாய்க்குள் விட்டு, ஒவ்வொரு இடமாகச் சிவப்பு வெளிச்சத்தைப் பிடித்தார். மனைவி லூர்த்தம்மா வாசலில் செபமாலையோடு காத்திருந்தாள். நாளுக்கு நாள் எரிவு தணிந்தது. கதிர்ச்சிகிச்சை முடிந்து கொஞ்ச நாளில் புண்ணும் ஆறியது.

புண் ஆறிய அன்று அவள் ஓரா மீன் வாங்கி, தேங்காய்ப்பாலில் தேசிக்காய்ப் புளி விட்டுச் சொதி வைத்தாள். எதிர்பார்த்திருந்தது பாராட்டையல்ல. கலியாணம் முடித்த நாளிலிருந்து உப்பென்றோ புளியென்றோ பிழை பிடிக்காமல் அவர் சாப்பாட்டை விட்டு எழும்பியதில்லை. அந்த முணுமுணுப்புக்காக இப்படி ஏங்குவாள் என்று அவளே நினைத்ததில்லை.

அவர் இடியப்பத்தைச் சொதியில் தோய்த்து மெதுவாக விழுங்கினார்.

"நல்லாயிருக்கு."

லூர்த்தம்மாவுக்குத் திக்கென்றது. "என்னப்பா, உண்மையைச் சொல்லுங்கோ."

"ஒண்டும் தெரியேல்லை, லூர்த்து. சுடுதண்ணி குடிக்கிற மாதிரிக் கிடக்கு."

அடுத்த முறை வைத்தியரிடம் போனபோது அவளே கேட்டாள். "உந்த வெளிச்சத்தாலை ருசியைத் திருப்பித் தரேலாதோ டொக்டர்?"

வித்தியா கருவியைத் துடைத்து மேசையில் வைத்தார்.

"புண்ணுக்கு நல்ல ஆதாரம் இருக்கு அம்மா. ருசிக்கு இப்பதான் ஆராயத் தொடங்கியிருக்கினம். சிலருக்குக் குணமாம். ஆனா கொஞ்சப் பேரிலைதான் பாத்திருக்கினம். கன பேருக்கு மாதக்கணக்கிலை தானாவும் திரும்பும். நான் பொய் நம்பிக்கை தரமாட்டன்."

"பிடிச்சுப் பாருங்கோ," என்றார் கனிசியஸ். "சரிவந்தாலும் வராட்டியும் எழுதி வையுங்கோ. பிறகு வாறவைக்கு உதவும்."

வெளிச்சம் பிடித்தும், மாரி மழை தொடங்கியும் ருசி திரும்பவில்லை. ஒரு மத்தியானம் இருவரும் ஓரா மீன் சொதியோடு சாப்பிட இருந்தார்கள். அவர் தன் சாப்பாட்டுக் கோப்பையைத் தொடாமல் அவள் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உனக்கு எப்பிடி இருக்கு? சொல்லு."

"என்னத்தைச் சொல்ல?"

"வாயிலை என்ன நடக்குதெண்டு சொல்லு."

அவளுக்கு வெட்கமாக இருந்தது. ஒரு வாய் வைத்துவிட்டு யோசித்தாள்.

"முதல்லை பால் இனிக்குது. பிறகு புளி வந்து பல்லைக் கூசப் பண்ணுது. மீன் மெத்தெண்டு, நல்ல கொழுப்பு. பச்சை மிளகாய் பிந்தித்தான் உறைக்குது."

"பிறகு?"

"பிறகு... தொண்டையிலை கொஞ்ச நேரம் நிக்குது."

கனிசியஸ் கண்ணை மூடிக்கொண்டு ஒரு வாய் அள்ளினார். அவள் சொல்லிக்கொண்டே போனாள்.