ஸ்டெப்

கூடைப்பந்துப் பயிற்சியில் லே-அப் என்று யாராவது சொன்னாலே யசோதினி வரிசையின் கடைசிக்கு நழுவிவிடுவாள். மற்ற எறிகளில் அவளுக்கு ஒரு பயமும் இல்லை. நின்ற இடத்திலிருந்து எறியும் செட் ஷொட்டில் பத்துக்கு எட்டு விழும். எம்பி எறியும் ஜம்ப் ஷொட்டும் ஒரு வாரத்தில் கைக்கு வந்துவிட்டது. ஓடி வந்து, பந்தைப் பிடித்தபடியே இரண்டு அடி வைத்து, எழும்பிப் பலகையில் தட்டிப் போடும் இந்த லே-அப்தான் சனியனாகப் பிடித்திருந்தது.

குற்றம் காலுடையது. கொஸ்லந்த பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பாடசாலையில் ஐந்து வருடம் வலைப்பந்து, அதாவது நெட்போல், ஆடிய கால் அது. வலைப்பந்தில் பந்து கைக்கு வந்தால் நிற்க வேண்டும். அதற்குமேல் ஓர் அடி வைத்தால் விசில் ஊதும், எல்லாரும் "ஸ்டெப்! ஸ்டெப்!" என்று கத்துவார்கள், பந்து எதிர்ப்பக்கம் போய்விடும். புதுப் பாடசாலையில் பயிற்சி தரும் ஜெனீரா டீச்சரோ கூடைப்பந்தைத் தவிர உலகத்தில் வேறு விளையாட்டு உண்டென்றே நினைக்காதவர். அடியை எடுத்து வை என்ற அர்த்தத்தில் அவரும் அதே சொல்லைத்தான் கத்தினார். கேட்ட மாத்திரத்தில் யசோதினியின் கால் நின்றது. செவ்வாய்க்கிழமை அப்படி நின்றதில், கூடப் பயிற்சி எடுக்கும் நபீலா பின்னால் ஓடிவந்து மோதி உதட்டைக் கிழித்துக்கொண்டாள்.

"என்னத்துக்குடி இப்படி நடுங்குற? வளையம் கடிக்குமா?" என்று வீங்கிய உதட்டோடு கேட்டாள் நபீலா.

வளையம் கடிக்காதுதான். ஆனால் பதுளையில், இந்தப் பாடசாலை விடுதியில், யசோதினிக்குக் கட்டில் கிடைத்ததே கூடைப்பந்து அணியை நம்பித்தான். அணிப் பட்டியலில் பெயர் இல்லையென்றால் கட்டில் வேறொரு பிள்ளைக்குப் போகும். உயர்தர வகுப்பில் விஞ்ஞானம் ஊரில் கிடையாது. தினமும் பஸ்ஸில் வந்துபோகிற தூரமும் இல்லை. வியாழக்கிழமை அணித் தேர்வு என்றதிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. வகுப்பில் கணக்கு டீச்சர் கையை உயர்த்தினால்கூட விசில் ஊதப்போகிறார் என்று தூக்கிவாரிப் போட்டது.

வியாழக்கிழமையும் வந்து தொலைத்தது.

முதல் தடவை ஓடினாள். "ஸ்டெப்!" என்றார் டீச்சர். நின்றாள். இரண்டாம் தடவை, "ஸ்டெப், மகள், ஸ்டெப்!" பந்தை நெஞ்சோடு கட்டிக்கொண்டு மரம்போல நின்றாள். டீச்சரின் பேனை பட்டியலில் அவள் பெயரை வெட்டத் தேடிப் போனது.

டீச்சரிடம் எதிர்த்துப் பேசுவதைவிட இன்னும் நூறு தடவை லே-அப் போடலாம் என்றுதான் அவளுக்கு இருந்தது. ஆனால் பேனை பெயரைத் தொட்டுவிட்டதே!

"டீச்சர், அந்தச் சொல்லச் சொல்லாதீங்க டீச்சர்."

"எந்தச் சொல்?"

"ஸ்டெப்பு. நெட்போல்ல அது ஃபவுல் டீச்சர். காதுல விழுந்ததும் கால் நின்னுபோகுது."

வரிசையில் யாரோ சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை. "இத ஏன் இவ்வளவு நாளும் சொல்லல்ல?"

"பயமா இருந்துச்சு டீச்சர்."

"அப்ப நான் என்னதான் சொல்லட்டும்?"

அதை அவள் யோசித்திருக்கவில்லை. "வான்னு கூப்பிடுங்க டீச்சர்," என்று வாயில் வந்ததைச் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

டீச்சர் பட்டியலை நபீலாவின் கையில் திணித்துவிட்டு, வளையத்துக்குக் கீழே போய் நின்றார். "வா!"

யசோதினி ஓடினாள். பந்து கைக்கு வந்தது. கால் தயங்கியது, காது விசிலைத் தேடியது. "வா மகள், வா!" வலது கால் போனது, பிறகு இடது. எழும்பினாள். பந்து பலகையில் பட்டு, விளிம்பில் ஒரு சுற்றுச் சுற்றி, வெளியே விழுந்தது.

போச்சு, எல்லாம் போச்சு. அவளுக்குப் பந்தை எடுக்கக்கூடக் குனிய முடியவில்லை.

டீச்சரே எடுத்து அவள் கையில் கொடுத்தார். "கால் வந்துட்டுதானே. பந்து விழுறத நாளைக்குப் பார்ப்போம்."

"நாளைக்கும் நான் வரணுமா டீச்சர்?"

"வராம எங்க போகப் போற? பேர் பட்டியல்லதானே இருக்கு."

யசோதினி அப்படியே சிமெந்துத் தரையில் உட்கார்ந்து, பந்தில் முகத்தைப் புதைத்து அழுதாள்.