கத்திவாக்கத்துக்குக் கிடைத்த இரண்டு வார்த்தை

முப்பது நொடியில் நீங்கள் யாரிடமாவது ஓட்டு கேட்டிருக்கிறீர்களா?

கார்குழலி கேட்டிருக்கிறாள். தொண்ணூற்றொன்பதாம் வருஷம், எண்ணூரில் ஒரு கம்பெனி. பேக்கிங்கில் பெட்டி ஒட்டுகிறவள், தொழிலாளர் சங்கச் செயலாளர் பதவிக்கு நின்றாள். அதுவரை அந்தச் சங்கத்தில் பொம்பளை யாரும் நின்றதில்லை. பேக்கிங்கில் முப்பத்தாறு பெண்கள். அவர்களுக்கு ஒரு கக்கூஸ் கிடையாது. அதற்காகத்தான் நின்றாள்.

எதிரே அப்பாவு. பதினாலு வருஷச் செயலாளர். மைக்கும் அவருடையது, கேட் மேடையும் அவருடையது. உள்ளே பிரசாரம் செய்யக்கூடாது என்று கம்பெனி நோட்டீஸ் ஒட்டியிருந்தது. அப்படியென்றால் எங்கே பேசுவது?

வழியைக் கண்டுபிடித்தவள், கூட வேலை செய்யும் ஃப்ளோரன்ஸ். வண்ணாரப்பேட்டை பிளாட்பாரத்தில் வாங்கிய அட்டையில்லாத புத்தகம் ஒன்றை ஞாயிற்றுக்கிழமை தூக்கிக்கொண்டு ராயபுரத்தில் கார்குழலி வீட்டுக்கு வந்துவிட்டாள்.

"இத கேளுடி. ரூஸ்வெல்ட்டுன்னு ஒர்த்தரு. அமெரிக்காவுல ஏற்கெனவே ஜனாதிபதியா இருந்தவரு, 1912ல மறுக்கா நிக்கிறாரு. ரயில்லயே ஊர் ஊரா போறாரு. வண்டி நின்னா பெட்டி வாசல்லயே நின்னு பேசறாரு, வண்டி கெளம்பினா அடுத்த ஊரு."

"மேடை?"

"வண்டிதான் மேடை. ஒரு ஊர்ல நெஞ்சுலயே சுட்டுட்டானுங்க. சட்டைப்பையில பேச வேண்டிய பேப்பரு அம்பது பக்கம், மடிச்சு வெச்சிருந்தாரு. அதுலயும் கண்ணாடிக் கூட்டுலயும் பட்டு குண்டு வேகம் கொறஞ்சுபூடுச்சு. ரத்தத்தோட ஒன்னரை மணி நேரம் பேசிகினு நின்னாரு."

"அப்பால? ஜெயிச்சாரா?"

"அப்பால பக்கம் கிழிஞ்சிகீது. ஜெயிச்சிருப்பாரு. தோத்தவனுக்கு எவன் பொஸ்தகம் போடுவான்?"

அவர் தோற்றார். அது இரண்டு பேருக்கும் தெரியாமல் போனதே நல்லதாயிற்று.

கம்பெனி ஆட்கள் பெரும்பாலும் வருவது காலை ஏழு பத்து வண்டியில்தான், அது ஸ்டேஷனுக்கு முப்பது நொடி நிற்கும். கார்குழலி ராத்திரி உட்கார்ந்து பேச்சை எழுதினாள். பள்ளிக்கூடத்துப் பாட்டு மாதிரி மனப்பாடம் செய்தாள். சேதி எப்படியோ அப்பாவு காதுக்குப் போய்விட்டது. மறுநாள் ராயபுரம் பிளாட்பாரத்தில் தன் ஆட்களோடு நின்று சிரித்தார்.

"முப்பது செகண்டுல பொம்பள பேசி முடிப்பாளா மாமு? எங்க வூட்ல சாப்ட வான்னு சொல்லவே அரை மணி ஆவுது."

ஏழு பத்து வண்டி வந்தது. லேடீஸ் பெட்டி வாசலில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் ஆரம்பித்தாள்.

"நான் கார்குழலி. பேக்கிங். சங்கத்துக்கு நிக்கிறேன். எங்க செக்‌ஷன்ல முப்பத்தாறு பொம்பளைங்க, ஒரு..."

ஹாரன் அடித்தது. வண்டி நகர்ந்தது. அப்பாவு கை தட்டியபடி அடுத்த பெட்டியில் ஏறிக்கொண்டார்.

வண்ணாரப்பேட்டையில் வாய் திறந்தாள். மனப்பாடம் செய்தவள் அல்லவா, விட்ட இடத்திலிருந்துதான் வந்தது.

"...கக்கூஸ் கெடையாது. எட்டு மணி நேரம் தண்ணி குடிக்காம நிக்கிறோம்."

ஃப்ளோரன்ஸ் தலையில் அடித்துக்கொண்டாள். "ஏய், ஒவ்வொரு ஸ்டேஷன்லயும் மொதல்லேந்து சொல்லணும்டி."

"வாய்ல அதான் வருது, இன்னா பண்ண சொல்ற?"

தண்டையார்பேட்டையில், "ஆம்பளைங்களுக்கு மட்டும் இன்னா வாழுது? பாய்லர்கிட்ட ஃபேன் கேட்டு மூணு வருஷம் ஆவுது" என்றாள். திருவொற்றியூரில், "ரெண்டுக்கும் லெட்டர் எழுதணும், மேனேஜர்கிட்ட கையெழுத்து வாங்கணும்" என்றாள். விம்கோ நகரில், "பதினாலு வருஷமா ஒரு லெட்டர் போவல" என்றாள். கத்திவாக்கம் வந்தபோது மிச்சம் இருந்தது இரண்டே வார்த்தை.

"நான் எழுதுவேன்."

அவ்வளவுதான். எண்ணூர் வந்தது. இறங்கிய கார்குழலிக்கு முகம் செத்துப்போயிருந்தது. "மானம் போச்சு" என்று முனகிக்கொண்டே நடந்தாள்.

கேட்டுக்குப் போகிற வழியில் பாய்லர் மஜீது வேகமாக வந்து அவளை மறித்தார். கத்திவாக்கத்தில் ஏறுகிறவர்.

"இன்னாம்மா நீ, எழுதுவேன் எழுதுவேன்னு சொல்லிட்டு பூட்ட. இன்னாத்த எழுதுவ? வழியெல்லாம் மண்டை காயுது."

பின்னாலேயே தண்டையார்பேட்டைக்காரர் ஒருவர் வந்தார். "எங்க ஃபேன பத்தி சொன்னியே, அதுக்கு முன்னாடி இன்னா?"

ஆம்பளைகள் ஒவ்வொருவரும் தங்கள் ஸ்டேஷனில் ஏறும்போது கேட்டது ஒரு துண்டுதான். பேச்சு முழுவதும் லேடீஸ் பெட்டியில்தான் இருந்தது. தெரிய வேண்டுமானால் பேக்கிங் பெண்களிடம்தான் கேட்க வேண்டும். அதுவரை அவர்களைப் பார்த்து டைம் கூடக் கேட்டிராதவர்கள், "அக்கா, வண்ணாரப்பேட்டையில இன்னா சொல்லிச்சு?" என்று வந்து நின்றார்கள். முப்பத்தாறு பெண்களும் ஆளுக்கு நாலு பேரைச் சுற்றி நிறுத்திக்கொண்டு சொன்னார்கள். கக்கூஸ் என்ற வார்த்தையைக் குரலைத் தாழ்த்தாமல் சொன்னார்கள். மேடையில் அப்பாவுவின் மைக் ஓடிக்கொண்டிருந்தது. அதைக் கேட்க ஆள் இல்லை.

"பேக்கிங்ல கக்கூஸ் இல்லையா?" என்றார் மஜீது. "பதினோரு வருஷமா வேலை செய்றேன், தெரியாதே எனக்கு."

"நீ கேட்டியா பாய்?" என்றாள் ஃப்ளோரன்ஸ்.

செவ்வாயும் புதனும் அவள் அதையேதான் செய்தாள், இந்தத் தடவை வேண்டுமென்றே. கத்திவாக்கத்தில் அவள் வாய் திறக்கும் முன்பே பிளாட்பாரம் முழுக்கச் சொன்னது: "எழுது, எழுது."

வியாழக்கிழமை ஓட்டு. சாயங்காலம் எண்ணினார்கள். கார்குழலிக்கு இருநூற்றுப் பன்னிரண்டு, அப்பாவுக்கு நூற்று எண்பத்தேழு.

மறுநாள் காலை அவள் ஏழு பத்து வண்டியில் வேலைக்குப் போனாள். எட்டேகாலுக்கு மேனேஜரிடம் கடிதத்தைக் கொடுத்தாள். பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கினாள்.